ஊசி, நூல், ஒரு பிணம்: பின்னல் மர்ம நாவல்களைப் பின்னிக்கொண்டே படிப்பது

பின்னல் கடையை, அதாவது ஸ்வெட்டர் பின்னும் நூலும் ஊசியும் விற்கும் கடையை, நடுவில் வைத்து எழுதப்படும் மர்ம நாவல்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் பின்னல் வெறும் ஜோடனை. கடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பேக்கரியை வைத்தாலும் கதை அப்படியே ஓடும். மற்றதில் நூலும் ஊசியும்தான் சாட்சி. யாரோ ஒருவர் தப்பாகப் போட்ட கண்ணியில்தான் கொலையாளி மாட்டுவார். முதல் ரகம் வீண் என்று சொல்ல வரவில்லை, மழை நாளுக்கு அதுவும் சுகம்தான். ஆனால் இரண்டாம் ரகத்தை முழுசாக ருசிக்க, படிக்கிறவர் கையிலும் கொஞ்சம் நூல் இருக்கவேண்டும். பின்னத் தெரிந்தவருக்கு ஆசிரியர் எங்கே துப்பை ஒளித்திருக்கிறார், எங்கே கதை விடுகிறார் என்பது இரண்டும் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

இந்த வகைக்குக் கோஸி என்று பெயர். கொலை கண்ணுக்கு மறைவாக நடக்கும், ரத்தம் அதிகம் தெறிக்காது. ஊர் சின்னது. துப்பறிகிறவர் போலீஸ் இல்லை. கடைக்காரம்மாவாகவோ கணக்குப்பிள்ளையாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருப்பார். கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு பின்னல் மாதிரியும், அதாவது பின்னும் செய்முறையும், ஒரு சமையல் குறிப்பும் இருக்கும். பூனையோ நாயோ ஒன்று நிச்சயம்.

பின்னுகிற துப்பறிவாளர் புதிதில்லை. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்பிள் 1927இல் ஒரு சிறுகதையில் முதல்முதலாக வரும்போதே கையில் பின்னல் வேலையோடுதான் உட்கார்ந்திருப்பார். அடுத்த ஆண்டே, 1928இல், பாட்ரிசியா வென்ட்வொர்த் படைத்த மிஸ் சில்வர் வந்தார். அவர் முன்பு வீட்டு ஆசிரியையாக இருந்து, பிறகு காசு வாங்கித் துப்பறியப் போனவர். 32 நாவல்களில் வருகிறார். எதிரே உட்கார்ந்து வழக்கைச் சொல்கிறவர் பேசப் பேச, இவர் ஊசியை நிறுத்துவதே இல்லை. இவரைப் படைத்த வென்ட்வொர்த் பிறந்தது நம் முசூரியில். இந்த இரண்டு கிழவிகளுக்கும் பின்னல் ஒரு மறைப்பு. பின்னிக்கொண்டிருக்கும் பாட்டியின் முன்னால் யாரும் வாயை அடக்கிப் பேசுவதில்லை.

பின்னல் கடையே கதைக்களமானது பிற்பாடு. மோனிகா ஃபெர்ரிஸ் 1999இல் மினசோட்டாவின் எக்ஸெல்ஸியர் என்ற நிஜ ஊரில் ஒரு ஊசிவேலைக் கடையை வைத்துத் தொடங்கினார். அதில் எம்பிராய்டரியும் உண்டு, பின்னலும் உண்டு. 2000க்குப் பிறகு அமெரிக்காவில் இளம் பெண்களிடம் பின்னல் மறுபடி சூடு பிடித்தது. 2007இல் ராவெல்ரி என்ற மாபெரும் பின்னல் மாதிரிக் களஞ்சியம் இணையத்தில் திறந்தது. நாவல் அலை வந்ததும் அந்தக் காலத்தில்தான். மேகி செஃப்டன் 2005இல் கொலராடோவில் கெல்லி ஃப்ளின் என்ற கணக்காளரை இறக்கினார். சாலி கோல்டன்பாம் 2008இல் மாசசூசெட்ஸ் கடற்கரையில், கேப் ஆன் பக்கம், கற்பனை ஊர் ஒன்றில் நான்கு பெண்களைக் கூட்டினார். பெக்கி எர்ஹார்ட் 2018இல் நியூ ஜெர்சிக்கு வந்தார். அதே ஆண்டில் நான்சி வாரன் ஆக்ஸ்ஃபோர்டில் ரத்தக்காட்டேரிகளுக்கே ஊசியைக் கொடுத்துவிட்டார். இரவில் தூக்கம் இல்லாத அவர்களுக்குப் பின்னல்தான் பொழுதுபோக்காம். நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிப்புக்குக் குறைவில்லை.

எங்கே தொடங்குவது? பின்னலே தெரியாதவருக்குச் செஃப்டன் அல்லது ஃபெர்ரிஸ். இரண்டிலும் கதாநாயகிக்குத் தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அத்தையின் சாவுக்காக ஊருக்கு வரும் கெல்லி பக்கத்துக் கடையில் நுழைந்து ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்வாள், வாசகரும் கூடவே கற்றுக்கொள்வார். செஃப்டனின் கடை ஃபோர்ட் காலின்ஸ் நகரில் இருந்த ஒரு நிஜக் கடையைப் பார்த்து எழுதப்பட்டது. நூல் தொட்டிகளின் வர்ணனையில் அது தெரியும். புதிரைவிட மனிதர்களும் கடல் காற்றும் பிடிக்கும் என்றால் கோல்டன்பாம். அவருடைய கொலையாளியை முன்கூட்டியே கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டமில்லை, அதற்காக அவரைப் படிக்கவும் வேண்டாம். வியாழக்கிழமை இரவு நால்வரும் கூடிச் சாப்பிட்டுப் பின்னுகிற காட்சிகளுக்காகப் படிக்கலாம். சுத்தமான புதிர் வேண்டுமென்றால் பழைய மிஸ் சில்வருக்கே போங்கள்.

எந்த நாவல் வரிசையாக இருந்தாலும் முதல் புத்தகத்திலிருந்து போவது நல்லது. கொலை ஒவ்வொரு புத்தகத்திலும் தனி, ஆனால் காதல், கல்யாணம், கடை கை மாறுவது எல்லாம் தொடர்கதை. ஏழாவதை முதலில் படித்தால், இரண்டாவதில் சந்தேகத்துக்கு ஆளாகிறவர் ஏழாவதில் கல்யாண விருந்து பரிமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு இரண்டாவதில் என்ன சுவாரசியம்?

கையில் என்ன பின்னுவது

படிக்கும்போது பின்னுவதற்கு எல்லா வேலையும் ஒத்துவராது. லேஸ் என்ற ஓட்டை வேலைப்பாடு, கேபிள் என்ற முறுக்கு வேலைப்பாடு, இரு வண்ண வேலை மூன்றும் கூடாது. வரிசைக்கு வரிசை தாளைப் பார்க்க வேண்டியிருந்தால், கதையில் யாரோ சாவியை எங்கோ வைத்ததைத் தவறவிடுவீர்கள். அந்தச் சாவிதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும்.

சிறந்தது, தன் கணக்கைத் தானே சொல்லும் வேலை. அமெரிக்காவில் பாட்டிமார் வழிவழியாகப் பின்னும் மூலைவாட்டுத் துணி அதற்குப் பொருத்தம். 4.5 மி.மீ. ஊசி, வொர்ஸ்டெட் என்ற நடுத்தரத் தடிமனில் பருத்தி நூல் 30 முதல் 40 கிராம். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட், அதாவது சாதாரண நேர்க் கண்ணி. அடுத்த வரிசையிலிருந்து: 2 நிட், ஊசிமேல் நூலை ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். 44 ஆனதும் இறங்குமுகம்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், ஒரு நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். வரிசைக்கு ஒன்று குறையும். 4 மிஞ்சியதும் முடித்துவிடலாம். பக்கம் 17 முதல் 20 செ.மீ. வரை உள்ள சதுரம் கிடைக்கும். பாத்திரம் துடைக்கலாம், முகம் துடைக்கலாம்.

இதில் வரிசை எண்ணவே வேண்டாம். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து ஊசியைப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்பது கண்ணியின் எண்ணிக்கையிலேயே இருக்கும். தப்பும் உடனே தெரியும். ஏறுமுகத்தில் நூல் சுற்ற மறந்தால் ஓரத்து ஓட்டை வரிசையில் ஒன்று காணாமல் போகும். இறங்குமுகத்தில் எண்ணிக்கை குறையாமல் நின்றுவிட்டால், இரண்டாவது முறை சேர்த்துப் பின்ன மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அது பரபரப்பான அத்தியாயத்தில்தான் நடக்கும்.

கண்ணிக் கணக்கைக் கதையோடு பொருத்திப் பார்ப்பது ஒரு விளையாட்டு. நிதானமாகப் பின்னுகிறவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவார் என்று வையுங்கள். அந்தத் துணிக்கு ஏறக்குறைய 2,000 கண்ணி, அதாவது 100 நிமிடம். கோஸி ஒலிநூல் ஒன்று 8 மணி நேரம் ஓடினால் நான்கு துணி முடிந்து ஐந்தாவதும் பெரும்பாலும் முடிந்திருக்கும். 40 கண்ணி அகலத்தில் எல்லா வரிசையும் நிட் போட்டு 150 செ.மீ. நீளத்துக்கு ஒரு மஃப்ளர் என்றால் சுமார் 540 வரிசை, 21,600 கண்ணி, 18 மணி நேரம். இரண்டு நாவல் முடிந்தாலும் மஃப்ளர் முடியாது. இந்தக் கணக்கு கொஞ்ச நேரத்தில் கொலை விசாரணைக்கும் உதவப்போகிறது, மனதில் இருக்கட்டும்.

அச்சுப் புத்தகமாக இருந்தால் சிக்கல் வேறு. சின்ன அளவு பேப்பர்பேக் தானாக விரிந்து நிற்காது. முதுகை உடைத்தால் நடுவில் தாள் கழன்றுவிடும். சமையல் புத்தக ஸ்டாண்ட் ஒன்றும் பக்கத்துக்கு ஒரு கிளிப்பும் போதும். மின்நூல் சுலபம். எழுத்தைப் பெரிதாக்கிக் கை எட்டும் தூரத்தில் நிறுத்திவிட்டு, விரல் முட்டியால் பக்கத்தைத் தள்ளலாம். ஊசி நுனியால் திரையைத் தொடாதீர்கள், கீறல் விழும். ஒலிநூல்தான் உத்தமம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் காதால் கேட்கும்போது பெயர்கள் குழம்பும். இந்த நாவல்களில் ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று பெண்கள் சர்வசாதாரணம். முதல் மூன்று அத்தியாயத்துக்குள் வரும் பெயர்களை, கடையோடு என்ன உறவு என்ற ஒரு வார்த்தையோடு, ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு பின்னால் ஓட்டிக் கேட்கும் வேலை பாதி குறையும்.

கண் பார்க்காமல் பின்னப் பழகுவதும் தனிப் பாடம். விரல் நுனிக்கு நிட் கண்ணி வழுக்கலாக ஒரு வி போலவும், அதன் மறுபக்கமான பர்ல் கண்ணி ஒரு முண்டு போலவும் தட்டுப்படும். முதலில் எல்லா வரிசையும் நிட் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து வரிசை முயலுங்கள். இடது கையில் நூல் பிடிக்கும் ஐரோப்பிய முறை இதற்கு எளிது. நூலை ஒவ்வொரு தடவையும் வீசிச் சுற்ற வேண்டியதில்லை, ஊசி நுனியே கொத்தி எடுத்துக்கொள்ளும். ஊசி மரமோ மூங்கிலோ ஆக இருக்கட்டும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி விழும். விழுந்த சத்தம்கூடக் கேட்காது. இரண்டு ஊசியையும் ஒரு வடத்தால் இணைத்த சர்க்குலர் ஊசியாக இருந்தால் ஊசி தனியாக உருண்டு சோபாவுக்கு அடியில் போகாது. நூல் வெளிர் நிறம், வழவழப்பு, நன்றாக முறுக்கியது. மொஹேர் என்ற முடி சிலிர்த்த நூல் வேண்டாம். தப்பிய கண்ணியை அதில் தேடுவதற்குள் கதையில் இரண்டாவது கொலையே விழுந்துவிடும்.

கதையின் நடைக்கும் ஒரு தோராயம் உண்டு. முதல் ஐம்பது பக்கத்துக்குள் பிணம் கிடைத்துவிடும். பாதி வழியில் இரண்டாவது சாவோ ஒரு தாக்குதலோ நடக்கும். கடைசிப் பத்தில் ஒரு பங்கில் துப்பறிபவர் தனியாகக் கொலையாளியிடம் மாட்டிக்கொள்வார். இந்த மூன்று இடங்களிலும் பின்னலைக் கீழே வைத்துவிடுங்கள். கை தானாக இறுகிவிடும். இறுகிப்போன அந்த நான்கு வரிசை சலவைக்குப் பிறகும் காட்டிக்கொடுக்கும்.

நூல் சொல்லும் சாட்சி

"எட்டிலிருந்து பத்து மணி வரை வீட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன்." சந்தேகத்துக்கு ஆளானவர் இப்படிச் சொல்லும்போது போலீஸ்காரர் குறிப்பெடுத்துக்கொண்டு போய்விடுவார். பின்னுகிற வாசகர் விடமாட்டார். ஸ்வெட்டரின் உடல் பகுதி என்றால் ஒரு சுற்றுக்கு 200 கண்ணி இருக்கும். நிமிடத்துக்கு 20 முதல் 30 என்றால் இரண்டு மணி நேரத்தில் 2,400 முதல் 3,600 கண்ணி. அதாவது 12 முதல் 18 சுற்று. வொர்ஸ்டெட் நூலில் 10 செ.மீ.க்கு 26 வரிசை என்று கொண்டால், துணி ஏறத்தாழ 4.5 முதல் 7 செ.மீ. வளர்ந்திருக்க வேண்டும். முந்தின நாள் கடையில் எல்லோரும் பார்த்தபோது அக்குள் வரை வந்திருந்த ஸ்வெட்டர் இன்றும் அக்குளிலேயே நின்றால், அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது?

"பிடிக்கவில்லை, பிரித்துவிட்டேன்" என்று அவர் சமாளிக்கலாம். அதற்கும் நூலே பதில் சொல்லும். பின்னிப் பிரித்த கம்பளி நூல் நேராக இருக்காது. ஒவ்வொரு கண்ணியும் இருந்த இடத்தில் சின்னச் சின்ன அலை நிற்கும், நூடுல்ஸ் மாதிரி. கழுவிக் கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் அது போகும். நூலுருண்டையின் மேல்சுற்று வழவழப்பாக, கடையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தால், அவர் எதையும் பிரிக்கவில்லை. இந்த அளவுக்குப் போகிற ஆசிரியர்கள் குறைவு. போனால் அந்தப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். சனிக்கிழமை தொடங்கிய பெரியவர் ஸ்வெட்டர் ஞாயிறு மாலை பரிசாகக் கொடுக்கப்படும் காட்சி இந்த நாவல்களில் அடிக்கடி வரும். வொர்ஸ்டெட் ஸ்வெட்டர் ஒன்றுக்கு ஆயிரம் மீட்டருக்குக் குறையாமல் நூல் போகும், கண்ணி 50,000 வாக்கில். நிமிடத்துக்கு 30 போட்டாலும் 28 மணி நேரம், தூங்காமல். ஆசிரியர் கையால் பின்னிப் பார்க்காமல் எழுதுகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய தடயம் வேண்டாம்.

அடுத்தது கையெழுத்து. பின்னலுக்கும் கையெழுத்து உண்டு என்று கதைகள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஊசியில் உட்கார்ந்திருக்கும் கண்ணிக்கு இரண்டு கால். பொதுவழக்கில் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்கும். பர்ல் வரிசையில் நூலை எதிர்த்திசையில் சுற்றுகிறவர்களுக்கு வலது கால் பின்னால் போய்விடும். அதைக் கவனிக்காமல் அடுத்த வரிசையில் முன்காலிலேயே ஊசியை நுழைத்துப் பின்னினால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். துணியில் பார்த்தால், திறந்த வி-க்குப் பதிலாக அடியில் கால் மேல் கால் போட்ட வி வரிசை விட்டு வரிசை வரும். தானே கற்றுக்கொண்டவர்களிடம் இது அதிகம். இன்னொன்று, பர்ல் கண்ணியை நிட்டைவிடத் தளர்வாகப் போடும் பழக்கம். துணியைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிரண்டு வரிசையாகச் சேர்ந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். இடது கைக்காரர் கண்ணாடி பிம்பமாகப் பின்னினால், குறைக்கும் இடங்கள் மாதிரியில் சொன்னதற்கு எதிர்ப்பக்கம் சாயும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "கண்ணிகள் இறுகியிருக்கின்றன, ஆகவே இதைப் பின்னியவர் பதற்றத்தில் இருந்தார்" என்று துப்பறிபவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மனநிலையால் இறுக்கம் மாறும் என்பது சரி. ஊசியை மூங்கிலிலிருந்து உலோகத்துக்கு மாற்றினாலும் மாறும், கை வியர்த்தாலும் மாறும், பாதியில் வேறொருவர் பின்னினாலும் மாறும்.

நூல் லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் ஒன்று அச்சடித்திருக்கும். ஒரே நிறம், ஒரே கம்பெனி, ஆனால் வேறு தொகுதி என்றால் சாயம் மயிரிழை மாறும். உருண்டையாகப் பார்த்தால் தெரியாது. பின்னிய பிறகு ஒரு கோடு போட்டதுபோல் தெரியும், அதுவும் பகல் வெளிச்சத்தில். கதையில் ஒரு கைப்பகுதி மட்டும் லேசாக வேறு நிழலில் இருக்கிறது என்றால், அந்த நூல் பிற்பாடு வாங்கப்பட்டது. கடையின் பில்லில் தேதி இருக்கும். மர்ம நாவலுக்கு இதைவிட வசதியான தடயம் கிடைப்பது அரிது. ஏனோ பலரும் இதைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள்.

பிணத்தின் நகக்கண்ணில் கிடைக்கும் இழையை வைத்து "இது காஷ்மீர் கம்பளி" என்று கடைக்காரம்மா தொட்டுப் பார்த்துச் சொல்வார். தொட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. கடைக்காரர்கள் நிஜமாகச் செய்வது எரித்துப் பார்ப்பது. இடுக்கியில் இரண்டு அங்குல நூலைப் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்ட வேண்டும். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தலைமுடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்தால் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி காகிதம் எரிவதுபோல் சட்டென்று பற்றும், மெல்லிய சாம்பல் விடும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறிய பிறகு கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். உருகியது தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் கையில் பிடிக்கவே கூடாது. காஷ்மீரா, மெரினோவா என்பது எரித்தாலும் தெரியாது. இரண்டும் விலங்கு முடிதான். அதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும்.

கொலை ஆயுதம் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னல் நூலால் கழுத்தை நெரித்தார்கள் என்றால், எந்த நூல் என்று கேளுங்கள். முறுக்கு குறைந்த ஒற்றை இழைக் கம்பளி இரண்டு கையால் இழுத்தாலே அறுந்துவிடும். காலுறை நூலில் தேய்மானத்துக்காக 20-25 சதவீதம் நைலான் கலந்திருக்கும், அது விரலை வெட்டும், அறுந்துபோகாது. வித்தியாசம் தெரிந்த ஆசிரியர் நூலின் பெயரைச் சொல்லிவிடுவார்.

பின்னலுக்குள் ரகசியச் செய்தி ஒளித்து வைப்பது இந்த வகையில் தேய்ந்த உத்தி, ஆனால் முழுக் கற்பனை இல்லை. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் வேலை செய்த பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லாத்தூர் தன் சங்கேதக் குறிகளைப் பட்டுத் துண்டில் வைத்திருந்தார். அதை ஒரு பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள் செருகிக்கொள்வார். அங்கே செய்தி பின்னலுக்குள் இல்லை, ஊசிமேல் இருந்தது. அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழியும். பின்னலிலேயே மோர்ஸ் தந்திக் குறிகளைப் போட்டால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புள்ளிக்கு ஒரு பர்ல், கோட்டுக்கு மூன்று பர்ல், இடைவெளிக்கு நிட். தந்திக்காரர்களின் வழக்கமான அளவுகோலில் ஒரு ஆங்கில வார்த்தைக்கு 50 அலகு. பத்து வார்த்தைச் செய்தி 500 கண்ணி. 40 கண்ணி மஃப்ளரில் அது பன்னிரண்டரை வரிசை. நடுவில் ஒவ்வொரு வெற்று வரிசை விட்டால் 25. மஃப்ளரில் தாராளமாக ஒளியும். ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பட்டையில் முழு முகவரியும் இருந்தது என்று ஆசிரியர் எழுதினால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

கடைசிப் பக்கத்து மாதிரி

நாவலின் முடிவில் வரும் பின்னல் மாதிரியை அப்படியே நம்பித் தொடங்கக் கூடாது. பின்னல் பத்திரிகையில் வருவதுபோல் இதைப் பலர் பின்னிச் சோதித்திருப்பார்கள் என்பது நிச்சயமில்லை. சின்ன எழுத்து, படம் கிடையாது, மின்நூலில் வரிகள் ஒன்றோடொன்று ஓடிவிடும். ஊசி எடுக்குமுன் ஒவ்வொரு வரிசையையும் தாளில் கூட்டிப் பாருங்கள். இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2, நடுவில் இரண்டிரண்டாகத் திரும்பத் திரும்ப என்றால் மொத்தம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். மேலே 57 ஏற்றச் சொல்லியிருந்தால் எங்கோ அச்சுப்பிழை. அதே பெயரில் ராவெல்ரியில் தேடினால் யாராவது பின்னிப் பார்த்துத் திருத்தம் எழுதியிருக்க வாய்ப்புண்டு.

ஊசி எண்ணில்தான் பெரிய குழி. அமெரிக்க 8 என்றால் 5 மி.மீ. பழைய பிரிட்டிஷ் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்க 6 என்றால் 4 மி.மீ., பிரிட்டிஷ் 6 என்றால் 5. அமெரிக்கக் கணக்கு ஏறும், பிரிட்டிஷ் கணக்கு இறங்கும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஊசியில் 8 என்று பொறித்திருந்தால், அமெரிக்க நாவலுக்கு அது ஆகாது. 90 கண்ணி 5 மி.மீ.யில் சுமார் 50 செ.மீ. வரும், 4 மி.மீ.யில் 41தான். தலைக்குப் பின்னிய தொப்பி குழந்தைக்குப் போகும். ஊசி ஓட்டை அளவி ஒன்று வாங்கி வைத்தால் தீர்ந்தது. எண்ணை விட்டுவிட்டு மி.மீ.யை மட்டும் பாருங்கள்.

அடுத்தது நூல். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பல உருண்டைகளில் தடிமன் பெயரே இருக்காது. ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நூலை நெருக்காமல், இழுக்காமல், பக்கம் பக்கமாகச் சுற்றி எண்ணுங்கள். 9 சுற்று வந்தால் வொர்ஸ்டெட், 11 என்றால் அதைவிட மெல்லிய டிகே, 14 என்றால் இன்னும் மெல்லிய ஃபிங்கரிங். சென்னை வெயிலுக்குப் பருத்தியில் மாற்றிப் பின்னலாம், ஆனால் பருத்திக்குக் கம்பளியின் இழுவை கிடையாது. மணிக்கட்டுப் பட்டையும் கழுத்துப் பட்டையும் நாலு தடவை போட்டால் தொளதொளத்துவிடும். அந்த இடங்களுக்கு மட்டும் ஒரு அளவு சின்ன ஊசி எடுத்து, கண்ணியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஓரளவு நிற்கும்.

ஃபெல்ட் பை, அதாவது பின்னிய பிறகு கசக்கிச் சுருக்கிக் கெட்டியாக்கும் பை, என்று மாதிரி சொன்னால் அக்ரிலிக்கும் பருத்தியும் உதவாது. லேபிளில் சூப்பர்வாஷ் என்று இருக்கும் கம்பளியும் உதவாது, அது சுருங்காமல் இருப்பதற்காகவே பதப்படுத்தியது. சாதாரணக் கம்பளிதான் வேண்டும். பையைத் தொடங்குமுன் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னி, நான்கு மூலையிலிருந்தும் உள்தள்ளி 10 செ.மீ. இடைவெளியில் பருத்தி நூலால் அடையாளம் தையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, கண்ணி உருவம் மறையும் வரை கசக்குங்கள். பிறகு நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். நெடுக்கில்தான் அதிகம் சுருங்கியிருக்கும். அதனால் பையை நினைத்ததைவிட நீளமாகப் பின்ன வேண்டியிருக்கும். எவ்வளவு நீளம் என்பதை அந்தச் சதுரத்தின் இரண்டு அளவுகளிலிருந்து கணக்கிட்டு, மாதிரித் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுக் கண்ணி ஏற்றுங்கள்.